ஒன்றில் தொடங்கும் கதவுகள்

குளிர் வாரியத்தில் என் பதவியின் பெயர் வாசிப்பாளர். ஏதோ கதை, கவிதை வாசிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வாரியத்தின் கம்ப்யூட்டர் நிரல்களை எல்லாம் இப்போது இயந்திரமே எழுதிக்கொள்கிறது. எழுதியதை ஒரு மனுஷப் பிறவி வாசித்துக் கையொப்பமிட்ட பிறகுதான் ஓடவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஏழு லட்சம் வரிகள், ஒரே ஒரு வாசிப்பாளர். சட்டத்தின் வாயை அடைக்கத் தில்லைநாயகி என்று ஒருத்தியை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியம் பன்னிரண்டேகாலுக்குத் தயிர்சாத டப்பாவைத் திறந்தேன். மேசைத் தொலைபேசி அடித்தது. ஒன்பது வருடத்தில் அது அடித்து நான் கேட்டதே இல்லை.

"தில்லைநாயகின்றது நீதானே?"

"ஆமா. நீங்க யாரு?"

"எத்திராஜ். புதுத்துறை நாலாம் பிளாக், நூத்திப் பதினேழு. எங்க வூட்டுக் குளுர நிறுத்திட்டு, கீழ உன் பேரயும் நம்பரயும் போட்டு வச்சிகீற. நாங்க இன்னா தப்பு பண்ணோம், அத்த சொல்லு."

தண்டனை அறிவிப்பின் அடியில் வாசிப்பாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். யாரும் அவ்வளவு கீழே போய்ப் படிப்பதில்லை. இந்த ஆள் படித்திருக்கிறார்.

வெளியே ஈர வெப்பம் முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதற்கு மேல் போனால் வியர்வை காயாது. உடம்பால் தன்னை ஆற்றிக்கொள்ள முடியாது. நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளைக்கூட ஐந்தாறு மணி நேரத்தில் முடித்துவிடும். அதனால்தான் நகரம் முழுக்கக் குழாய்களில் குளிர்ந்த நீர் ஓடுகிறது, ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் சுற்றி வருகிறது. வீட்டுக்கு ஒரு வால்வு, வால்வுக்கு ஒரு ஐ.பி. முகவரி. நான்கு எண்கள், நடுவே புள்ளிகள். எல்லாம் பத்தில் ஆரம்பிக்கும், இரண்டாவது எண் பகுதியைச் சொல்லும், மூன்றாவது பிளாக்கை, நான்காவது வீட்டை. எண் கொடுத்த காலத்தில் வாரியம் தன் தலைமையகத்துக்கு ஒன்றை எடுத்துக்கொண்டது. வசதியான பகுதிகளுக்கு இருபதிலிருந்து தொண்ணூறு வரை. கடல் உள்ளே வந்து கரையோரத்து ஜனங்களை அள்ளிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே கொட்டினார்களே, அந்த மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்குக் கடைசியாக நூறு முதல் நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை. புதுத்துறைக்கு நூற்றுப் பன்னிரண்டு.

"அறிவிப்புல காரணம் என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"கதவு தொறந்து கெடந்துச்சாம். குளுர வீணாக்கிட்டமாம். நாப்பத்தெட்டு மணி நேரம் கெடையாதாம். எங்க கதவு சாத்திகினுதான் கீது மேடம். எம் பொண்டாட்டி கஸ்தூரிக்கு எட்டு மாசம். அவள வச்சிகினு எவனாவது கதவத் தொறப்பானா?"

திரையில் நாலாம் பிளாக்கைத் திறந்தேன். பதிவாகியிருந்த குற்றம் ஒன்றே ஒன்று. முகவரி 10.112.4.1. மூடப்பட்டிருந்த வால்வுகள் நூற்றுப் பதினொன்று.

"ஒண்ணாம் நம்பர் வீட்ல யாரு இருக்காங்க?"

"கன்னியம்மன்."

"யாரு அந்தம்மா?"

சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கியபோது ஒன்று என்று எழுதிய சீட்டைக் குலுக்கலில் போடாமல் ஊர் கூடி எடுத்து வைத்துவிட்டது. முதல் வீடு அம்மனுக்கு. கத்திரி வெயில் முடிகிற வரைக்கும் அந்தக் கதவைச் சாத்தக்கூடாது. வெயிலில் வருகிற தபால்காரன், காய்கறி வண்டிக்காரி, தெருநாய் எல்லாம் அங்கேதான் வந்து மூச்சு வாங்கும். இதெல்லாம் நாலு வருடமாக நடப்பதுதான். போன வாரம் வாரியத்து ஆட்கள் வந்து எல்லாக் கதவிலும், திறந்து கிடந்தால் வாரியத்துக்குச் சொல்லும் உணரி மாட்டிவிட்டுப் போனார்கள், அது மட்டும்தான் புதிது.

"சரி, அம்மா வூட்டுக்கு நிறுத்தினீங்க. அவகிட்ட நாங்க மன்னிப்பு கேட்டுக்கறோம். எங்க வூட்ட ஏன் நிறுத்தினீங்க?"

எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. மூடிய வால்வுகளின் பட்டியலைப் பார்த்தேன். ஒன்று. பத்து முதல் பத்தொன்பது. நூறு முதல் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. நிரலைத் தோண்டி எடுத்துப் பார்த்தேன். நான்கே வரிகள்.

"எத்திராஜ், இந்த கம்ப்யூட்டர் உங்க முகவரிய நம்பரா பாக்கல. வெறும் எழுத்தா பாக்குது. குற்றவாளி முகவரி ஒண்ணுல முடியுது. 'இந்த வீட்டு முகவரி அதுவா?'ன்னு கேக்கணும். அப்படிக் கேக்காம, 'இந்த வீட்டு முகவரி அப்படி ஆரம்பிக்குதா?'ன்னு கேக்குது. நூத்திப் பதினேழும் ஒண்ணுலதான ஆரம்பிக்குது. அதனால ஆமான்னுடுது."

அவர் யோசித்தார்.

"இரு இரு. ராமுன்னு ஒருத்தன் திருடிட்டான்னு வச்சிக்கோ. ராமுலு, ராமுத்தாயி, ராமுப்பிள்ளன்னு பேரு கீற அத்தினி பேரயும் இட்டுகினு போயி உள்ள வப்பீங்களா?"

"அப்படித்தான் பண்ணியிருக்கோம்."

"எத்தினி வருசமா?"

நிரலின் தலையில் தேதி இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. அதன் கீழே கையொப்பம்: தில்லைநாயகி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரே மாலையில் நானூறு பக்கம் நீட்டினார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கடைசி நூறு பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"ஒன்பது வருஷம்," என்றேன்.

"எங்கண்ணன் வேதாசலம் ரெண்டு வருசம் முன்னால செத்தாரு," என்றார் எத்திராஜ். அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "நூத்தி இருவத்தாறுல இருந்தாரு. பன்னெண்டாம் நம்பர் பசங்க குழாயில கைய வச்சானுங்க. நூத்தி இருவதுல இருந்து இருவத்தொம்போது வரிக்கும் சேத்து நிறுத்தினாங்க. கேட்டதுக்கு, நீங்கள்லாம் கூட்டுன்னாங்க. எங்கண்ணன் பன்னெண்டாம் நம்பர் வூட்டுப் படிய மிதிச்சதே இல்ல மேடம். சாவு பேப்பர்ல கூட்டுக் குற்றவாளின்னு எழுதி வச்சிகீறாங்க."

அந்தக் 'கூட்டு' எந்த அறிக்கையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஓர் ஆராய்ச்சிக் குழு வாரியத்தின் தண்டனைப் பதிவுகளை எடுத்து அலசி, மறுகுடியமர்வு மக்களிடையே "மாடி கடந்த கூட்டுச் சதி" நிலவுவதாகக் கண்டுபிடித்துப் பரிசும் வாங்கியது. இரண்டாம் எண் வீட்டுக்காரன் தப்புச் செய்தால் இருபதுகளும் இருநூறுகளும் சேர்ந்து மாட்டுவது எப்படி என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். படித்தவர்களில் ஒருவருக்குக்கூட எண்களைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லை. அந்த ஜனங்கள்மேல் வேறொரு சந்தேகம் எல்லோருக்கும் ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். வசதியான பகுதிகளில் இந்தப் பிழை தலைகாட்டவே இல்லை. அங்கே முதலில் கடிதம் போகும், அப்புறம் நினைவூட்டல் போகும், அப்புறம் ஒரு அதிகாரி போய்க் காபி குடித்துவிட்டு வருவார். மறுகுடியமர்வு ஜனங்கள் இருக்கிற மானிய வகுப்பில் மட்டும்தான் எடுத்த எடுப்பில் வால்வு மூடும்.

"கஸ்தூரிய ரெண்டுல ஆரம்பிக்கிற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இருநூத்துக்கு மேல எதுவானாலும் சரி. அங்க குளிர் வரும். நான் மேல போய்ப் பேசறேன்."

என்னால் நிரலைத் திருத்த முடியாது. வாசிப்பாளர் வாசிக்கலாம், கையொப்பமிடலாம், மறுக்கலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. மாற்றச் சொல்லி இயந்திரத்துக்கு உத்தரவிட இயக்குநரால்தான் முடியும். மாடி ஏறினேன்.

இயக்குநர் கார்வண்ணன் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆமாம், சால்வை. அவருடைய அறையில் அவ்வளவு குளிர்.

"சார், புதுத்துறை நாலாம் பிளாக்ல ஒரு வீட்டுக்குப் பதிலா நூத்திப் பதினொரு வீட்டை மூடியிருக்கோம். நிரல்ல தப்பு. உடனே திறக்கணும்."

விளக்கினேன். மனுஷர் முட்டாள் இல்லை, ஒரே தடவையில் புரிந்துகொண்டார். பேனாவை மூடி வைத்தார்.

"எத்தனை வருஷமா இருக்கு?"

"ஒன்பது."

"உட்காருங்க மேடம். இன்னைக்கு திறந்தோம்னா, ஏன் திறந்தீங்கன்னு கேப்பாங்க. தப்பு நடந்துதுன்னா, ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்து பதில் சொல்லணும். இறந்தவங்க லிஸ்ட் எல்லாம் வெளிய வரும். கமிட்டி ஒண்ணு போடலாம். பதினஞ்சு நாள்ல அறிக்கை வாங்கிடலாம்."

"அங்க எட்டு மாசக் கர்ப்பிணி ஒருத்தி இருக்கா சார். பதினஞ்சு மணி நேரம்கூட தாங்க மாட்டா."

"அப்போ கதவைச் சாத்தியிருக்கணும்."

"அது அவ கதவே இல்ல சார்!"

"அங்க எல்லாரும் ஒண்ணுதான் மேடம்," என்றார். சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி. "ஆராய்ச்சி அறிக்கையே இருக்கே. இன்னொண்ணு, அந்த நிரல்ல கையெழுத்து உங்களோடது. மறந்துடாதீங்க."

எழுந்து வந்துவிட்டேன். உட்கார்ந்திருந்தால் அவர் சால்வையைப் பிடித்து இழுத்திருப்பேன்.

இரண்டரை மணிக்கு எத்திராஜ் மறுபடி கூப்பிட்டார். பின்னால் ஒரே கூச்சல்.

"இருநூத்தி முப்பத்தொண்ணுல படுக்க வச்சிகீறோம். ஒரே ரூம்புல நாப்பது பேரு மேடம். அத்தினி சனத்துக்கு செவுரு எப்பிடித் தாங்கும்? குளுரே தெர்ல. அவளுக்கு வேர்க்கறது நின்னு போச்சி. வாய் கொழறுது. ஆம்புலன்சு கேட்டா ஆறு மணி ஆவும்ன்றான். எதுனா பண்ணு மேடம். எங்கண்ணன் மாரி இவளயும் வுட்டுடாத."

வியர்ப்பது நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்று குளிர் வாரியத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

இடுப்பிலும் கழுத்திலும் ஈரத்துணி போடச் சொன்னேன், விசிறச் சொன்னேன். ஃபோனை வைத்தேன். பிறகு சாப்பிடாத டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

எங்கள் தலைமையகத்தின் வரவேற்பறைக் கண்ணாடிக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். வருகிற விருந்தினருக்குப் படிக்கட்டிலேயே குளிர்ச்சி தெரிய வேண்டும் என்று கார்வண்ணன் செய்த ஏற்பாடு அது. அந்தக் கதவுக்கும் சட்டப்படி ஓர் உணரி உண்டு. அதன் ஒயரைப் பிடுங்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, சுவரோரம் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொன்றும் எனக்குத் தெரியும். மானிய விலையில் குளிர் கிடைக்கும் என்பதற்காக வாரியம் தன் சொந்தக் கட்டடத்தையே மறுகுடியமர்வு வகுப்பில் பதிந்து வைத்திருந்தது. அந்தக் காகிதத்தையும் வாசித்தவள் நான்தான்.

டேப்பைப் பிரித்து ஒயரைச் சொருகினேன். உணரியில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

"அது எதுக்கு மேடம்?" என்றார் காவலர்.

"சும்மா தொங்கிட்டிருந்துது. பாக்க நல்லாயில்ல."

சோபாவில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். திறந்த கதவுக்குப் பத்து நிமிடம்தான் கெடு. மோர்மிளகாயைக் கடிக்கும்போது சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்த நீரின் சத்தம் நின்றது. வரவேற்பறையின் முகவரி 10.1.0.1. நாற்பத்தெட்டு மணி நேரம். இயக்குநரின் அறை பன்னிரண்டு, கூட்ட அறை பதினான்கு, மேல்மாடி முழுக்க நூறுகள். என் அறை இருபத்தாறு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் கால் மணி நேரம் யாருக்கும் உறைக்கவில்லை. பிறகு மேலே கதவுகள் படபடவென்று திறந்தன. சால்வை இல்லாமல் கார்வண்ணனை நான் முதல் தடவையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. என் அறைக்கே வந்துவிட்டார், அங்கேதான் குளிர் இருந்தது.

"என்ன ஆச்சு? யார் பண்ணினது?"

"கதவு திறந்திருந்துது சார். சட்டப்படி மூடியிருக்கு."

என்னை முறைத்தார். கத்த நேரம் இல்லை. நான்கு மணிக்கு அவரைப் பார்க்க யாரோ பெரிய மனிதர் வருவதாக இருந்தது. என் திரையிலேயே இயந்திரத்தைக் கூப்பிட்டார். அது ஒரு நொடியில் பிழையைக் கண்டுபிடித்தது. ஒன்பது வருடம் யாரும் கேட்கவில்லை, கேட்டதும் சொல்லிவிட்டது. இரண்டு வழிகளைத் திரையில் காட்டியது. முதலாவது, முகவரியை ஒப்பிடும் முறையைத் திருத்துவது. திருத்தினால் இதுவரை வழங்கிய தண்டனைகள் எல்லாம் மறு ஆய்வுக்கு வரும். இரண்டாவது, தலைமையகத்துக்கு மட்டும் தண்டனையிலிருந்து விலக்கு.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷன் தன் முதுகில் வெயில் பட்ட பிறகாவது மாறுவான் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். விரல் கொஞ்சமும் தயங்கவில்லை. இரண்டை அழுத்தினார்.

"சார், அங்க அந்தப் பொண்ணு..."

"கமிட்டி போடறேன்னு சொன்னேன் இல்ல? ஒரே ஒரு வரிதான் மேடம். சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க."

மறுத்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மறுத்துவிட்டு வேலையை அவர் மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஒரு தடவை வாசிக்காமல் கையொப்பமிட்டவள் நான். அதனால் மறுப்பதற்கு முன் வாசித்தேன்.

இயந்திரம் தனக்குப் பழகிய அதே முறையில்தான் எழுதியிருந்தது. வீட்டின் முகவரி 10.1 என்று ஆரம்பிக்கிறதா? ஆரம்பித்தால் தண்டனை கிடையாது, வால்வைத் திற.

மறுபடி வாசித்தேன். 10.1 என்று ஆரம்பிக்கிறதா? தலைமையகம், ஆமாம். புதுத்துறை 10.112. அதுவும் ஆமாம். நூறு முதல் நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை உள்ள எல்லாக் குடியிருப்புகளும், கரையிலிருந்து பெயர்த்துக் கொட்டப்பட்ட நாலு லட்சம் வீடுகளும், ஆமாம், ஆமாம், ஆமாம். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். முகத்தில் ஏதாவது தெரிந்துவிடப் போகிறதே என்று பயமாக இருந்தது.

"படிச்சாச்சா?" என்றார் கார்வண்ணன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

"படிச்சுட்டேன் சார்."

"புரியுதா?"

"நல்லாப் புரியுது."

கையொப்பமிட்டேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு எங்கள் சுவர்களில் நீர் ஓட ஆரம்பித்தது. அவர் சால்வையைத் தேடிக்கொண்டு போய்விட்டார். நான் நாலாம் பிளாக்கைத் திறந்து பார்த்தேன். ஒன்று, பத்து, பதினொன்று என்று வரிசையாகப் பச்சையாகிக்கொண்டே வந்தது. நூற்றுப் பதினேழு பச்சையானதும் எத்திராஜைக் கூப்பிட்டு, அவளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றேன்.

கஸ்தூரி பிழைத்தாள். பத்து நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது, எடை கொஞ்சம் குறைவு. கமிட்டி இன்னும் கூடவில்லை. பழைய பதிவுகளில் ஒரு வரிகூட மாறவில்லை, வேதாசலம் இன்றைக்கும் காகிதத்தில் கூட்டுக் குற்றவாளிதான். மாதத்துக்கு ஒரு மனு எழுதுகிறேன், மாதத்துக்கு ஒரு முறை திரும்பி வருகிறது. அது எனக்கு ஆறவே இல்லை, ஆறவும் கூடாது. அந்த ஆராய்ச்சிக் குழு மட்டும் இந்த வருடம் புதிய அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மறுகுடியமர்வுப் பகுதிகளில் குளிர்த் தண்டனை பூஜ்யமாகிவிட்டதாம். வாரியத்தின் கண்டிப்பான நடவடிக்கையால் மக்கள் திருந்திவிட்டார்களாம். கார்வண்ணனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

போன வாரம் கத்திரி ஆரம்பித்தது. மேசைத் தொலைபேசி அடித்தது.

"மேடம், எத்திராஜ். வாரியத்துல இருந்து ஆளுங்க வந்து உணரிய எல்லாம் சரி பாத்துட்டுப் போனாங்க. இந்த வருசம் அம்மா வூட்டுக் கதவ இன்னா பண்றது? சாத்திரணும்னா சொல்லிடு. கைக்கொழந்தைய வச்சிகினு கஸ்தூரி பயப்படறா."

"சாத்தாதீங்க. திறந்தே இருக்கட்டும்."

"எவனாவது வந்து கேட்டா?"

"பழைய அறிவிப்புல கீழ என் பேர் போட்டிருக்கும். எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க."